மிதித்தால் ஒரு நொடி யோசிக்கிறது கார்: பெடல் பாக்ஸ் போடலாமா?

கேள்வி: 4 ஜூன் 2023, காலை

2019 மாடல் பெட்ரோல் கார், மேனுவல் கியர், 46 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பொங்கல் கழிந்ததிலிருந்து பிக்கப் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் போகிறது. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கி இரண்டாவது கியரில் எடுக்கும்போது ரொம்பவே தெரிகிறது. பைபாஸில் லாரியைத் தாண்டும்போதும் அப்படித்தான். மெக்கானிக், "இப்ப வர்ற வண்டியில கேபிளே கிடையாதுங்க, எல்லாம் கம்ப்யூட்டர். அப்படித்தான் இருக்கும். பெடல் பாக்ஸ் ஒண்ணு போட்டுக்கங்க" என்கிறார். 9,000 ரூபாய் ஆகுமாம். பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கேபிள் இல்லாததுதான் காரணமா? போடலாமா?

4 ஜூன், இரவு

இப்போதைக்குப் போடாதீர்கள்.

பிக்கப் என்ற ஒரே சொல்லில் மூன்று விஷயங்களைப் போட்டுக் கலக்கி வைத்திருக்கிறோம். கால் மிதித்ததற்கும் இன்ஜினின் காற்றுத் தட்டு திறப்பதற்கும் நடுவில் ஒரு தாமதம். தட்டு திறந்த பிறகு காற்று நிறைந்து, எரிந்து, விசை பிறப்பதற்குள் இன்னொரு தாமதம். அந்த விசை கிளட்ச், கியர் வழியாகச் சக்கரத்துக்கு வந்து சேர மூன்றாவது. மூன்றும் காலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். மருந்து மட்டும் வேறு வேறு. பெடல் பாக்ஸ் என்பது நீங்கள் மிதித்ததைக் கூட்டிச் சொல்லும் ஒரு சின்னப் பெட்டி. அது தொடுவது முதலாவதை மட்டும்.

இரண்டு கேள்விகள். டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் விசிறி, உண்டா? மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி, வேகம் மட்டும் ஏறாமல் இருக்கிறதா? அப்படியென்றால் கிளட்ச் வழுக்குகிறது, வேறெதையும் யோசிக்க வேண்டாம், பிளேட்டைப் பாருங்கள்.

எந்தக் காராக இருந்தாலும் முதல் வேலை த்ராட்டில் பாடியை (அந்தக் காற்றுத் தட்டு இருக்கும் கூடு) கழற்றிச் சுத்தம் செய்வது. 500, 600 ரூபாயில் முடியும்.

6 ஜூன்

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். நிறையப் பேர் இதை நம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேபிள் இருந்த காலத்தில் பெடல் எவ்வளவு இறங்கியதோ த்ராட்டில் தட்டு அவ்வளவு திறந்தது. இப்போது பெடலின் தலையில் ஒரு சென்சார். அதற்குள் இரண்டு தனித் தடங்கள். பல கார்களில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதில் பாதியாக இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், ஓயாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் பி2138 மாதிரி ஒரு கோளாறு எண்ணைப் பதிந்துவிட்டு இன்ஜினை அடக்கிவிடும். அப்புறம் வீடு வரை ஊர்ந்துதான் போக வேண்டும். ஒரு சென்சார் பொய் சொல்லி வண்டி தானாகப் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது.

பெடல் சொன்னதை வாங்கிக்கொண்டு ஈசியு த்ராட்டில் பாடியில் இருக்கும் சின்ன மோட்டாருக்கு உத்தரவு போடுகிறது. அந்த மோட்டார் தட்டை முழுக்கத் திறக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் எடுக்கும். நீங்கள் சொல்லும் ஒரு நொடி அங்கே கரையவில்லை.

அதற்காக மெக்கானிக் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. தட்டை வேண்டுமென்றே மெல்லத் திறக்கச் சொல்லி எழுதி வைப்பது கார் கம்பெனிதான். கியர் பற்களுக்கு நடுவில், டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளில், இன்ஜின் மவுண்ட் ரப்பரில் எல்லாம் கொஞ்சம் தொய்வு இருக்கும். கால் எடுத்திருந்த நிலையிலிருந்து சடாரென்று விசை வந்தால் அந்தத் தொய்வு ஒரே இழுப்பில் இறுகி, 'டக்' என்று வண்டி குலுங்கி, பின் சீட்டில் இருப்பவர் தலை ஆடும். அதைத் தவிர்க்க முதல் கணங்களில் விசையைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். புகை விதிகளும் அதே பக்கம்தான் தள்ளுகின்றன. பிஎஸ்6 என்ற புகை விதி வந்த 2020க்குப் பிறகு வாங்கிய கார்களில் சிலருக்கு இது கூடுதலாகத் தெரிகிறது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கம்பெனி எழுதி வைத்த தாமதம் ஷோரூமிலிருந்து ஓட்டி வந்த அன்றே இருந்திருக்கும். உங்களுக்குப் பொங்கலுக்கு அப்புறம்தான் வந்திருக்கிறது. நாலு வருடம் நன்றாக ஓடிய வண்டி ஜனவரியில் மாறியிருக்கிறது என்றால், ஜனவரியில் வண்டிக்கு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

7 ஜூன்

நேற்று எழுதி முடித்ததும் அப்பாவின் பழைய கார்புரேட்டர் கார் ஞாபகம் வந்தது. சுத்தமான கேபிள் வண்டி, கம்ப்யூட்டர் மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் யோசிக்கும். மிதித்தால் ஒரு முறை விக்கும், அப்புறம்தான் எடுக்கும்.

காரணம் ஆக்சிலரேட்டர் பம்ப். தட்டு திடீரென்று திறந்தால் காற்று உடனே உள்ளே ஓடிவிடும், பெட்ரோல் கனம் என்பதால் பின்தங்கும். அந்தக் கணத்துக்கு மட்டும் கலவை வெளுத்துப்போகும். அதை ஈடுகட்டக் கார்புரேட்டருக்குள் ஒரு குட்டி பம்ப், மிதிக்கும் வேகத்துக்கு ஏற்ப ஒரு பீய்ச்சு பெட்ரோல் அடிக்கும். அதன் டயஃப்ரம் ரப்பர் காய்ந்துவிட்டால் பீய்ச்சு வராது. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பெரியவர் கார்புரேட்டரின் வாயைத் திறந்து, கேபிளைக் கையால் இழுத்து, 'பாருங்க தம்பி, ஒண்ணுக்குப் போற மாதிரி ஒரு கோடு வரணும்' என்று காட்டினார். வரவில்லை. டயஃப்ரம் மாற்றினோம், சரியாகிவிட்டது.

கேபிள் இருந்தால் தாமதமே இருக்காது என்பவர்கள் அந்த வண்டிகளை ஓட்டியிருக்க மாட்டார்கள்.

8 ஜூன்

பதில் வந்தது: மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர், டர்போ. முள்ளும் வேகமும் சேர்ந்தேதான் ஏறுகின்றன. நல்லது, கிளட்ச் கணக்கிலிருந்து போயிற்று.

டர்போ என்றதும் 'டர்போ லேக்' என்று முடித்துவிடுவார்கள். அதிலும் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

டர்போவைச் சுழற்றுவது சைலன்சர் பக்கம் போகும் புகை. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகை கொஞ்சம், டர்போவுக்கு ஊத வலு இருக்காது. உங்கள் வண்டி மாதிரிச் சின்ன டர்போவில் இந்த எல்லை 1,500 ஆர்பிஎம் பக்கம் இருக்கலாம். அதற்குக் கீழே எவ்வளவு மிதித்தாலும் உங்களிடம் இருப்பது வெறும் ஒரு லிட்டர் இன்ஜின், அவ்வளவுதான். இது லேக் அல்ல, வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலைத் தாண்டிய பிறகும், மிதித்தவுடன் டர்போ முழு வேகம் எடுக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகக்கூடியவை. அந்த வேகத்துக்கு ஏறுவதும், இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி), குழாய் எல்லாவற்றையும் அழுத்தக் காற்றால் நிரப்புவதும்தான் உண்மையான லேக்.

ஸ்பீட் பிரேக்கர் தாண்டி இரண்டாவது கியரில் எடுக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 1,100, 1,200 என்றால் நீங்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறீர்கள். முதல் கியருக்கு இறங்கிப் பாருங்கள், பாதித் தொல்லை போய்விடும். மீதிப் பாதிதான் நோய்.

11 ஜூன்

'டர்போ போச்சு, மாத்தணும்' என்று யாராவது சொன்னால் என் கதையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

என்னுடையது 2014 மாடல் சின்ன டீசல். 2021 ஆகஸ்டில் சத்தியமங்கலம் வழியாகச் சாம்ராஜ்நகர் போய்க்கொண்டிருந்தோம். பண்ணாரி செக்போஸ்ட் தாண்டினால் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள், எதிரும் புதிருமாக லாரிகள். நாலைந்து வளைவு ஏறியதும் முன்னால் கரும்பு லோடு. நேரான இடத்தில், எதிரே காலி என்று பார்த்து வெளியே எடுத்து மிதித்தேன். வண்டி போகவில்லை. மூன்று நொடி இருக்கும். லாரியின் பாதி நீளத்துக்கு வந்து, அதற்கு மேல் ஏறாமல் கூடவே ஊர்ந்தது. மேல் வளைவில் எதிர் லாரியின் லைட் தெரிந்தது. காலை எடுத்து, பிரேக் பிடித்து, திரும்ப லாரிக்குப் பின்னாலேயே வந்துவிட்டேன். பின் சீட்டில் என் மகள். அன்றைக்குப் பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் விட்ட ஒர்க்‌ஷாப் ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) அடைத்திருக்கிறது என்று சுத்தம் செய்தது. 6,500 ரூபாய். கரி நிறையத்தான் வந்தது, கண்ணால் பார்த்தேன், ஆனால் பிக்கப் வரவில்லை. இரண்டாவது இடத்தில் டர்போவை மாற்றச் சொன்னார்கள், 48,000. மிதித்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருகிறதே என்று இரண்டு இடத்திலும் சொன்னேன். டர்போ சத்தம் அப்படித்தான் என்றார்கள். பின்னால் கறுப்புப் புகை வேறு.

ஈசியுவில் இருக்கும் அளவுகளைப் படித்துக் காட்டும் ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கினேன், ப்ளூடூத்தில் போனோடு பேசும் சின்ன வகை. மேனிஃபோல்ட் அழுத்தம், அதாவது இன்ஜினுக்குள் காற்று நுழையும் குழாயின் அழுத்தம், என்று ஒரு அளவு அதில் வரும். முழுக்க மிதித்து மூன்றாவது கியரில் ஏற்றினால் என் வண்டியில் 140 கிலோபாஸ்கலுக்கு மேல் போகவே இல்லை. சும்மா நிற்கும் காற்றே கிட்டத்தட்ட 100. டர்போ வெறும் 40தான் சேர்க்கிறது என்று அர்த்தம்.

அந்த எண்ணை எழுதிக்கொண்டு சத்தியில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் டர்போவைத் தொடவே இல்லை. ஏர் ஃபில்டர் பக்கம் குழாயை அடைத்து, உள்ளே கம்ப்ரஸர் காற்றைக் கொஞ்சமாக விட்டு, எல்லா ஹோஸிலும் சோப்புத் தண்ணீர் அடித்தார். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் நுரை பொங்கியது. ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். வண்டி சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும், உள்ளே அழுத்தம் ஏறினால் மீன் வாய் மாதிரித் திறக்கும். அதனால்தான் கையால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது, அதுவே பெரிய அடையாளம் என்றார்.

ஹோஸ் 1,850 ரூபாய். மாற்றிய அன்று மாலை அதே ரோட்டில் 215 கிலோபாஸ்கல். கறுப்புப் புகையும் நின்றது. காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கிறது. இவ்வளவு காற்று வந்தது என்று அது ஈசியுவிடம் சொல்ல, ஈசியு அதற்கேற்ற டீசலை அடிக்கும். வழியில் கீறலில் காற்று ஓடிப்போனது அதற்குத் தெரியாது. மிஞ்சிய டீசல்தான் புகையாக வந்தது.

12 ஜூன்

4ஆம் தேதி நான் எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். 'எந்தக் காராக இருந்தாலும் த்ராட்டில் பாடி' என்றது தவறு. டீசலில் வலுவைக் கட்டுப்படுத்துவது காற்றுத் தட்டு அல்ல, அடிக்கும் டீசலின் அளவு. பல டீசல்களிலும் ஒரு தட்டு உண்டு, ஆனால் அது முக்கியமாக ஈஜிஆர் வேலைக்கும், இன்ஜினைக் குலுங்காமல் அணைப்பதற்கும்தான்.

பெட்ரோலிலும் கண்ணை மூடிக்கொண்டு கழற்ற வேண்டாம். தட்டின் ஓரத்தில் கரி படிந்தால் முதலில் கெடுவது ஐடிலிங். சிக்னலில் நிற்கும்போது முள் ஆடும், காலை எடுத்தால் சில நேரம் அணைந்துவிடும். அந்த அடையாளம் இருந்தால் சுத்தம் செய்யலாம். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தட்டை விரலால் தள்ளக் கூடாது, உள்ளே மோட்டாரும் பிளாஸ்டிக் பற்களும் இருக்கின்றன. சுத்தம் செய்தபின் புது ஐடில் நிலையை ஈசியுவுக்குப் பழக்க வேண்டும், அதைப் பல இடங்களில் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

டீசல்காரர்களுக்கு ஒரு வரி: ஹோஸ் நன்றாக இருந்தும் பிக்கப் இல்லையென்றால் காற்று அளக்கும் சென்சாரைப் பாருங்கள். தூசி படிந்து அது குறைவாகக் காட்டினால், புகை வரக் கூடாதென்று ஈசியு டீசலைக் குறைத்துவிடும்.

15 ஜூன்

பெடல் பாக்ஸை ஓட்டிப் பார்க்காமல் பேசக் கூடாது என்று நண்பர் ஒருவருடைய காரை வாங்கி ஒரு நாள் ஓட்டினேன். பெடல் சென்சாருக்கும் வயருக்கும் நடுவில் சொருகும் சின்னப் பெட்டி. நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் ஈசியுவிடம் 50 என்று சொல்லும். முதல் பத்து நிமிடம் வண்டியே புதிதாகத் தெரிந்தது, அதை மறைக்க மாட்டேன். அப்புறம் முழுக்க மிதித்துப் பார்த்தேன். 100க்கு மேலே சொல்ல அதற்கு எதுவும் இல்லை. லாரியைத் தாண்ட எடுத்த நேரம் பெட்டியை அணைத்தாலும் போட்டாலும் ஒன்றுதான். டவுனுக்குள் நெரிசலில் கால் நடுங்கினால் வண்டியும் நடுங்கியது.

காரில் ஏற்கெனவே எக்கோ, ஸ்போர்ட் பட்டன் இருக்கிறவர்களுக்கு இதில் பெரும்பகுதி அந்தப் பட்டனிலேயே இருக்கிறது.

நோய் எதுவும் இல்லாத வண்டியில், கால் பழக்கத்துக்காகப் போடுவது அவரவர் விருப்பம். உங்கள் வண்டியில் நோய் இருக்கிறது. இதைப் போட்டால் அது மறைந்து கிடக்கும்.

18 ஜூன்

கேள்வி கேட்டவர் இன்று கோபிசெட்டிபாளையத்துக்கு வந்தார். ஸ்கேனரை மாட்டினோம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், இக்னிஷன் மட்டும் போட்டு, பெடலைத் தரை வரை மிதிக்கச் சொன்னேன். போனில் 71 சதவீதம். இன்னும் அழுத்துங்கள் என்றேன். அதற்கு மேல் போகவில்லை.

குனிந்து பார்த்தால் கீழே 7டி மேட், தரை முழுக்க மூடும் தடித்த வகை. அதற்கு மேலே ஒரு ரப்பர் மேட். பொங்கலுக்கு வாங்கியது என்றார்! பெடலின் நுனி மேட்டில் இடித்து நிற்கிறது. ரப்பர் மேட்டை எடுத்து, 7டி மேட்டைப் பின்னால் இழுத்து, கொக்கியில் மாட்டியதும் 100.

செலவு ஒன்றும் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

19 ஜூன்

மேட் விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. 2009இல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, தரை மேட்டில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்காக. எலக்ட்ரானிக் த்ராட்டில்தான் குற்றவாளி என்று பலரும் சந்தேகப்பட்டதால் அமெரிக்க அரசு நாசா பொறியாளர்களை வைத்து ஆராய்ந்தது. 2011 பிப்ரவரியில் முடிவு வந்தது. காரைத் தானாகப் பாய வைக்கும் எலக்ட்ரானிக் குறை எதையும் அவர்கள் காணவில்லை.

இவருடைய மேட் பெடலை இறங்க விடவில்லை. அதே மேட் கொஞ்சம் முன்னே நகர்ந்து நுனியைக் கவ்வியிருந்தால் பெடல் மேலே வந்திருக்காது. மேட்டுக்கு மேல் மேட் போடாதீர்கள். டிரைவர் பக்கக் கொக்கி எதற்கு என்று தெரியாமல் அறுத்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

20 ஜூன்

இரண்டு நாள் யோசித்ததில் ஒன்று உறுத்துகிறது. மேட்டோடு கதை முடிந்துவிட்டது என்று நான் நினைத்தது அவசரம்.

71 சதவீதப் பெடல் என்றால் விசையும் 71 சதவீதம் என்று இல்லை. குறைந்த ஆர்பிஎம்மில் இன்ஜினுக்குத் தேவையான காற்றே கொஞ்சம். பெடல் முக்கால்வாசி இறங்குவதற்குள் அது தரக்கூடிய விசை பெரும்பாலும் வந்துவிடும். மேட் தடுத்தது கடைசி இழுப்பை, அதாவது பைபாஸில் லாரி தாண்டுவதை. ஸ்பீட் பிரேக்கர் தாமதத்துக்கு அது காரணமாக இருக்க முடியாது. இரவு போன் செய்து கேட்டேன். 'தாண்டறது ஜம்முனு இருக்குங்கண்ணா, ஸ்பீட் பிரேக்கர்ல மட்டும் அப்படியேதான்' என்றார்.

25 ஜூன்

ஊட்டிக்குப் போனதில் சில எண்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது மேனிஃபோல்ட் அழுத்தம் காட்டுவது அந்த ஊர்க் காற்றின் அழுத்தத்தைத்தான். மேட்டுப்பாளையத்தில் 97, குன்னூரில் 82, ஊட்டியில் 78 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காற்று காணாமல் போய்விடுகிறது.

டர்போ இல்லாத காருக்கு வலுவிலும் அந்த அளவு போகும். டர்போ ஈடுகட்டிவிடும் என்பார்கள். ஈடுகட்டுகிறதுதான், ஆனால் அதே அழுத்தத்துக்கு அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், நேரம் கூடுதலாக எடுக்கிறது. சமவெளியில் 1,800இல் உயிர் வரும் என் வண்டிக்கு, குன்னூருக்கு மேலே 2,000 தாண்டினால்தான் வந்தது. வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கி, முள்ளை 2,000க்குக் கீழே விடாமல் ஓட்டினேன். திம்பத்திலும் அன்று அப்படி ஓட்டியிருந்தால் கீறலோடுகூடக் கொஞ்சம் மேலாக இருந்திருக்கும்.

மலையில் வண்டி மந்தமாக இருக்கிறது என்று உடனே ஒர்க்‌ஷாப்பில் விடாதீர்கள். கீழே வந்து ஒரு முறை பாருங்கள்.

2 ஜூலை

ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும்) வண்டி யோசிக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். என் மைத்துனரிடம் இருக்கிறது. அது நான் முதல் நாள் சொன்ன மூன்றாவது தாமதம். நீங்கள் காலால் செய்யும் கிளட்ச் வேலையை அங்கே ஒரு இயந்திரக் கை செய்கிறது. கிளட்ச் பிரிந்து, கியர் மாறி, கிளட்ச் சேரும் வரை சக்கரத்துக்கு விசை போகாது. தாண்டும் முன்பே மேனுவலுக்கு மாற்றி ஒரு கியர் இறக்கிவிடச் சொல்லுங்கள். வெளியே எடுத்த பிறகு மிதித்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

9 ஜூலை

இன்னொரு திருத்தம். ஸ்கேனரைப் பெரிதாகச் சொல்லிவிட்டேன். நாலைந்து அளவுகளை ஒன்றாகப் போட்டால் இந்த வகை மலிவு ஸ்கேனர் ஒவ்வொன்றையும் நொடிக்கு ஒன்றிரண்டு முறைதான் புதுப்பிக்கிறது. அழுத்தம் எவ்வளவு ஏறியது என்று பார்க்க அது போதும். எத்தனை பத்தில் ஒரு பங்கு நொடி தாமதம் என்று பார்க்கப் போதாது.

அதற்குப் போன் கேமரா நல்லது. பக்கத்தில் உட்காருபவர் மீட்டரைப் படம் எடுக்கட்டும், நொடிக்கு 60 படம். மிதிக்கும் கணத்தில் ஓட்டுபவர் 'ம்' என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து, 'ம்' சத்தத்துக்கும் முள் நகரத் தொடங்குவதற்கும் நடுவில் எத்தனை படம் என்று எண்ணலாம். காலி ரோடாக இருக்க வேண்டும், ஓட்டுபவர் போனைப் பார்க்கவே கூடாது.

கேள்வி கேட்டவர் அப்படி எடுத்து அனுப்பினார். இரண்டாவது கியர், 1,500 ஆர்பிஎம், முழு மிதி. ஐந்து முறை எடுத்ததில் சராசரி 84 படம், அதாவது 1.4 நொடி. அவர் சொன்ன 'ஒரு நொடி' மனப்பிரமை இல்லை. தனியாக அழுத்தத்தை மட்டும் போட்டுப் பார்த்ததில், அதே இடத்தில் 125 கிலோபாஸ்கலைத் தாண்டவே நேரம் எடுக்கிறது.

பெட்ரோல் வண்டியில் என் டீசல் மாதிரிப் புகை வராது. பல பெட்ரோல் டர்போக்களில் மேனிஃபோல்டில் வந்து சேர்ந்த காற்றை வைத்தே பெட்ரோல் கணக்கு நடக்கிறது. வழியில் கசிந்தால் கலவை கெடாது, எச்சரிக்கை விளக்கும் எரியாது, வண்டி சோம்பேறியாக மட்டும் ஆகும். கசிவு பெரிதானால்தான் டர்போ அழுத்தம் குறைவு என்ற கோளாறு எண், பி0299, பதியும்.

சோப்புத் தண்ணீர் போடச் சொல்லியிருக்கிறேன்.

16 ஜூலை

கிடைத்துவிட்டது. பொங்கலுக்கு முந்தின வாரம் சர்வீஸ் விட்டிருக்கிறார். அங்கே எதற்கோ கழற்றியிருக்கிறார்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் பாதிதான் உள்ளே ஏறியிருக்கிறது, கிளாம்ப் அதன் விளிம்பில் கோணலாக நிற்கிறது. நுரை அங்கேதான் பொங்கியது. மேட்டும் அதே வாரம் வாங்கியதால் இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரிந்திருக்கின்றன. ஹோஸை முழுக்கச் சொருகிக் கிளாம்பை இறுக்கியதற்கு மெக்கானிக் 200 ரூபாய் வாங்கினார். பெடல் பாக்ஸ் போடச் சொன்ன அதே மெக்கானிக்தான். சோப்புத் தண்ணீர் வைத்தியத்தை இனி எல்லா டர்போ வண்டிக்கும் செய்து பார்ப்பேன் என்றாராம், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

புதிய வீடியோ: 48 படம், 0.8 நொடி.

இன்னும் 0.8 ஏன் என்று கேட்கிறார். 1,500 என்பது இந்த வண்டிக்கு வாசற்படி, டர்போ சுழல ஆரம்பிக்கிற இடம். 1,800இல் ஒரு முறை, முதல் கியரில் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வீடியோவில் ஏசி ஓடும் சத்தமும் கேட்கிறது. ஒரு லிட்டர் இன்ஜினுக்கு டர்போ ஊதாத நேரத்தில் ஏசி கம்ப்ரஸர் ஒரு கனமான சுமை. ஏசியை அணைத்து இன்னும் ஐந்து முறை எடுத்து அனுப்புங்கள், எண்ணிச் சொல்கிறேன்.